ஆயில் பெயின்ட் சுவரும் முப்பது ஜோடிக் கால்களும்

பொத்... பொத்தென்று இரண்டு சத்தம். அதன் பின்னாலேயே ஓடு நொறுங்கியதுபோல ஒரு சிதறல். வெள்ளைப் புழுதி மூக்கில் ஏறி, தும்மல் அடங்கவே வெகுநேரம் ஆயிற்று.

சிதம்பரத்தில் ஒரு பரதநாட்டிய வகுப்பு ஹால் அது. முப்பது பிள்ளைகள் ஒரே தாளத்தில் தரையை மிதித்ததும், நாங்கள் பூசியிருந்த வெள்ளை சிமெண்டுப் பூச்சு அப்பளம் அப்பளமாகப் பெயர்ந்து விழுந்தது. நல்லவேளை, யார் தலையிலும் விழவில்லை.

இப்போது சுவர் வேலைக்குக் காண்ட்ராக்ட் எடுக்கிற நான், அன்று அங்கே சித்தாள். கலவை சுமப்பேன், தண்ணீர் தூக்குவேன், பெருக்குவேன். குறிஞ்சிப்பாடியிலிருந்து காலை பஸ்ஸில் நானும் இன்னொரு சித்தாளான அஞ்சலை அக்காவும் ஒன்றாக வருவோம். எங்கள் மேஸ்திரி தனராஜ் அண்ணன். நல்ல கைக்காரர். கோபக்காரரும்கூட.

"சிமெண்டு பத்தல. இந்தத் தபா ஜாஸ்தி போட்டுப் பூசிடலாம்" என்றார் அவர்.

நான் கீழே விழுந்ததை அள்ளிக்கொண்டிருந்தேன். ஒரு துண்டைத் திருப்பிப் பார்த்தால்... பின்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழ. சுவரைப் பார்த்தேன். பழைய பச்சை ஆயில் பெயின்ட் ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளத்தது. ஒரு கை தண்ணீர் தெளித்தேன். சேப்பங்கிழங்கு இலையில் ஓடுவதுபோல முத்து முத்தாக உருண்டு இறங்கியது.

வாய் சும்மா இருக்கவில்லை.

"அண்ணே, கலவையில தப்பு இல்லண்ணே. சொவுரு புடிக்கல. பெயின்ட்டு வழுக்குது பாருங்க."

சாரத்தில் நின்ற ஆட்கள் சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை.

"நீ கலவ தூக்க வந்தியா, எனக்குப் பாடம் நடத்த வந்தியா?"

டான்ஸ் டீச்சர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் பெற்றோர்களை வரவழைத்து நிகழ்ச்சி வைத்திருந்தார், பாவம். உள்ளே வந்து என் கையிலிருந்த துண்டை வாங்கிக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"இவுங்க சொல்றதுல நியாயம் இருக்கே மேஸ்திரி. ஒரு சுவர மட்டும் இவுங்க சொல்ற மாதிரி செஞ்சு பாருங்களேன்."

மேஸ்திரிக்கு முகம் கறுத்துவிட்டது. "சரி. மேற்கால சொவுரு உன்னுது. மத்த மூணும் என் இஷ்டம். உன்னுது விழுந்துச்சுன்னா, அதோட நீ வேலைக்கு வராத."

வாயாடி சித்தாள் என்று பேர் வந்தால் வேறெந்த மேஸ்திரியும் கூப்பிட மாட்டார். வீட்டில் நான் ஒருத்தி சம்பாதித்த காலம் அது. ஆனாலும் "சரிண்ணே" என்றுவிட்டேன்.

மூன்று நாள். நானும் அஞ்சலை அக்காவும், கதை பேசிக்கொண்டே.

முதலில் உப்பியிருந்த பெயின்ட்டையெல்லாம் தகடு வைத்துச் சுரண்டினோம். பிறகு சலவை சோடா போட்டுக் கழுவினோம். பிள்ளைகள் சாய்ந்து நின்ற எண்ணெய்ப் பிசுக்கு, விளக்குக் கரி எல்லாம் கறுப்பாக வழிந்தது. காய்ந்ததும் முரட்டு உப்புத்தாளால் தேய்தேய் என்று தேய்த்தோம், பளபளப்பு முழுக்க மங்கும்வரை. அதற்குமேல் சுத்தியலும் உளியும் வைத்து நெருக்க நெருக்கமாகக் கொத்தினோம். சோடா பட்ட விரல்களில் தோல் உரிந்து, ராத்திரி சோறு பிசைந்தால் எரியும்.

நடுநடுவே தண்ணீர் தெளித்துப் பார்ப்பேன். முத்தாக நின்றால் இன்னும் வேலை பாக்கி. மூன்றாம் நாள் சாயங்காலம் தெளித்த தண்ணீரைச் சுவர் அப்படியே குடித்துவிட்டது... அந்த நிமிஷத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

தூசியைத் துடைத்தோம். ஹார்ட்வேர் கடைக்காரர் பூச்சைச் சுவரோடு ஒட்டவைக்க, பால் மாதிரி ஒரு பாண்டிங் லிக்விட் கொடுத்திருந்தார். அதைச் சிமெண்டில் கலந்து பிரஷ்ஷால் அடித்து, விரலில் பிசுபிசுக்கும் பதத்தில் மேஸ்திரியைக் கூப்பிட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். தனராஜ் அண்ணன் அதில் வஞ்சகம் செய்யவில்லை. நான்கு சுவரையும் அவரே பூசினார். "கை ஒண்ணா இருந்தாத்தான் நியாயம்" என்றார்.

பூச்சு நன்றாக இறுகிக் காய்ந்ததும் டீச்சர் வகுப்பைத் திறந்தார். பிள்ளைகளைச் சுவர் பக்கம் விடாமல் ஹாலின் நடுவில் நிறுத்தினார். தட்டுக்கழி தாளம் போட, முதல் காலம், இரண்டாம் காலம்... ஒன்றும் ஆகவில்லை. வேகம் கூடிய மூன்றாம் காலத்தில் முப்பது ஜோடிக் கால்களும் படபடவென்று மிதித்தபோது, வடக்குச் சுவரின் மூலை பொத்தென்று விழுந்தது. பின்னாலேயே கிழக்கு. தெற்குச் சுவரில் குறுக்காக ஒரு விரிசல் ஓடியது.

நான் துடைப்பத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மேற்கே பார்த்தேன். மயிரிழை விரிசல்கூட இல்லை.

அஞ்சலை அக்கா ஓடிப்போய் சுவரில் காதை வைத்துத் தட்டினாள். "கல்லு மாதிரி இருக்குதுடி!" என்று கத்தினாள். பிள்ளைகள் எதற்கென்று தெரியாமலே கைதட்டினார்கள்.

மேஸ்திரி வந்தார். விரல் முட்டியால் அந்தச் சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தட்டிக்கொண்டே நடந்தார். ஒரு இடத்திலும் உள்ளே காலியாக இருக்கிற பொள்ளல் சத்தம் வரவில்லை. என்னைக் கையால் காட்டியபடி ஆட்கள் பக்கம் திரும்பினார்.

"மூணு சொவுரையும் சொரண்டுங்க. எப்டி செய்றதுன்னு அந்தம்மாவக் கேளுங்க."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது. நிகழ்ச்சிக்கு நான்கு நாள் முன்னதாக ஹால் தயாராகிவிட்டது.

இன்று கடலூரில் என்னோடு ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள். தேய்க்க மெஷின், தூசி உறிஞ்ச மெஷின், கைக்கு உறை. "அக்கா, இந்த பெயின்ட் மேல பூசலாமா?" என்று இன்ஜினியர்கள் போன் போட்டுக் கேட்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்காருகிறேன்.

அஞ்சலை அக்கா இப்போது திருப்பூரில், மகன் வீட்டில். போன வாரம் பேசும்போது, மூன்று நாள் வேலையை மெஷின் அரை நாளில் முடிக்கிறது என்று பெருமையடித்தேன்.

"அந்தச் சத்தத்துல எப்டிடி கத பேசுவீங்க?" என்றாள்.

"பேச முடியாதுதான்க்கா... ஆனா, இதுவரைக்கும் ஒரு சொவுருகூட விழுந்ததில்ல."

"அது எனக்குத் தெரியாதாக்கும்" என்று சிரித்தாள்.