பின் சீட்டு இல்லாத கார்

பெங்களூரில் என் காருக்குள் யார் வேண்டுமானாலும் பேச்சை நீட்டலாம். பொம்மசந்திரா சிக்னலில் நின்றால், பக்கத்து பைக்கில் இருப்பவர் கதவின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "மைலேஜ் எஷ்டு கொடத்தே சார்?" என்று மைலேஜ் விசாரிப்பார். எங்கள் ஊர் வாணியம்பாடியில் தெரிந்தவர்கள்கூட வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றுதான் குரல் கொடுப்பார்கள். என்னுடையது கூரையை மடித்துவிடும் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு. வெளிநாட்டில் குடியேறப் போன ஒருவரிடம் பழையதாக வாங்கினேன். வாங்கும்போது பெங்களூரின் குளிரும் மரங்களும்தான் கண்ணில் நின்றன. ஓசூர் ரோட்டு லாரிப் புகையைச் சுத்தமாக மறந்துவிட்டேன். கூரையைத் திறந்தால் புழுதி. மூடினால் சவப்பெட்டிக்குள் படுத்த மாதிரி. ஒவ்வொரு வேகத்தடையிலும் காரின் அடிவயிறு உரசும். தெருப் பூனைகளுக்கு அந்தத் துணிக்கூரைதான் மெத்தை. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது அம்மா வந்த பிறகு.

அப்பா போன வருஷம் இறந்தார். அதன்பின் அம்மா ஊரில் தனியாக இருந்தாள். என்னோடு வந்துவிடும்படி போனில் கெஞ்சிக்கொண்டே இருந்தேன். "வந்து பாக்கறேன். புடிச்சா இருக்கறேன்" என்று கடைசியில் இறங்கி வந்தாள். சந்தாபுராவில் பஸ்ஸைவிட்டு இறங்கி, காரைச் சுற்றி வந்தவள், "இன்னாடா, வித்தவன் பாதி வண்டிதான் குடுத்தானா? பின்னாடி சீட்டு எங்க?" என்றாள்.

"இல்லம்மா. இனிமே நீ முன்னாடிதான்."

பெருமையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. டிக்கியில் மடித்த கூரை படுத்திருந்ததால் அவள் கொண்டுவந்த அரிசிப் பைக்கு இடமில்லை. அதைக் காலுக்கடியில் வைத்து, முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்தாள்.

அப்பா இருந்தவரை அவர் ஓட்டும் காரில் முன் சீட்டு அவளுடையது. அவர் போனபின், யார் காராக இருந்தாலும் மற்றவர் ஏறுமுன்னே பின்கதவைத் திறந்து ஏறிவிடுவாள். தங்கை கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் அவளைத் தேடினேன். மண்டபத்தின் கடைசி வரிசையில் நின்று அட்சதை போட்டுக்கொண்டிருந்தாள். யாரும் அவளைப் பின்னால் போகச் சொன்னதில்லை; யாரும் சொல்லும்படி அவள் வைத்துக்கொண்டதுமில்லை. நம்மைத் தெரியாத ஊரில் இந்த வழக்கமெல்லாம் எதற்கு, காற்று முகத்தில் பட ராணி மாதிரி முன்னால் வரட்டும் என்று கணக்குப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கூரையைத் திறந்துவிட்டு, அல்சூர் ஏரியைக் காட்டக் கூட்டிப்போனேன். வழியில் ஒரு சிக்னலில் பூக்காரி கூடையோடு வந்து அம்மாவுக்குப் பூ வாங்கச் சொன்னாள். "அம்மாங்கெ ஹூவா தகொளி சார்!"

"பேடம்மா" என்றேன்.

விலைக்காகத்தான் மறுக்கிறேன் என்று நினைத்து விலையைக் குறைத்தாள். மறுபடி "பேடா" என்றேன். அம்மாவின் வெறும் கொண்டையைப் பார்த்தாள். என்ன தோன்றியதோ, "ஹோகலி, அம்மாங்கெ சும்னே" என்று இரண்டு முழம் மல்லிகையை அவள் மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். காசு வாங்காமல் கொடுத்த பூ. வேறு காராக இருந்தால் நடுவில் ஒரு கண்ணாடியாவது இருந்திருக்கும். பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்கள் காதைப் பிய்த்தன.

அம்மா பூவை எறியவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. காற்றில் பறக்காதபடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பஸ் ஜன்னல்களிலிருந்து ஆட்கள் காரை வேடிக்கை பார்த்தார்கள்.

"எல்லாரும் பாக்கறாங்கடா. மூடு."

"அவங்களுக்கு நம்மள யாருன்னே தெரியாதும்மா."

"எனக்குத் தெரியுமேடா."

வண்டியை நிறுத்தினால்தான் கூரை நகரும். சிக்னலைத் தாண்டியதும் மேம்பாலம்; அதில் நிறுத்த இடமில்லை. இறங்கும்வரை அம்மா முந்தானையை முக்காடாக இழுத்துவிட்டுக் குனிந்தே இருந்தாள். அப்படி அவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஏரிக்குப் போகாமலே திரும்பினோம்.

மறுநாள் காலை பையைக் கட்டிவிட்டாள். காரை விற்றுவிடுகிறேன் என்றேன். கெஞ்சினேன், கோபப்பட்டேன்.

"காரு இன்னாடா பண்ணுச்சு, பாவம். அங்கன்னா எங்க உக்காரணும்னு எனக்குத் தெரியும். இங்க நீ சொல்லி நான் உக்காரணும்" என்றாள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பஸ் ஏற்றிவிட்டு வேலைக்குப் போயிருக்க வேண்டும். மனசு கேட்காமல் பஸ்ஸை ஒட்டியே ஓட்டினேன். மாநில எல்லையை ஒட்டிய அத்திப்பள்ளி நெரிசலில் இரண்டும் பக்கம் பக்கமாக ஊர்ந்தபோது அம்மா ஜன்னலிலிருந்து குனிந்து பார்த்தாள். கூரை திறந்திருந்ததால் உச்சந்தலை முதல் மடிவரை அவளுக்கு நான் முழுசாகத் தெரிந்திருப்பேன். வெயிலைக் காட்டி, தலையைக் காட்டி, மூடு மூடு என்று கையை ஆட்டினாள். அவள் சொன்னாளே என்று காரை ஓரம் கட்டி பட்டனை அழுத்தினேன். டிக்கியிலிருந்து கூரை நிதானமாக எழுந்து, தலைக்கு மேல் விரிந்து, முன்கண்ணாடியில் வந்து பூட்டிக்கொண்டது. நிமிர்ந்து பார்த்தபோது பஸ் எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போயிருந்தது.