மெம்பரம்மா திறந்த குழாய்

நேபாளத்து மலை வார்டு ஒன்றில், தலித் பெண்ணுக்கென்று சட்டம் ஒதுக்கிய நாற்காலியில் உட்கார்ந்தவள் ஜுனேலி சுனார். பொற்கொல்லர் வீட்டு மருமகள்; அந்த ஊரில் பொற்கொல்லரும் தீண்டத்தகாத சாதிதான். மேட்டுத் தெருவுக்குக் குழாய் வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டாள். நகராட்சி மாகாணத்தைக் கைகாட்டியது, மாகாணம் மத்திய அரசைக் கைகாட்டியது. ஒருவழியாக நிதி இறங்கிக் குழாயும் வந்தது.

"அதிகாரம் இனிமே தலைநகர்ல இல்ல, நம்ம வாசல்லதான்!" என்று வார்டு தலைவர் லோகராஜ் மைக்கில் முழங்கினார். "மெம்பரம்மா, நீங்களே திறங்க. போட்டோவுக்கு நல்லாருக்கும்."

திறந்தாள். தண்ணீர் கொட்டியது. எல்லோரும் கைதட்டினார்கள். குடத்தோடு நின்ற ஒருத்தியும் கிட்டே வரவில்லை.

"கொஞ்சம் தள்ளி நில்லு, ஜுனேலி," என்றாள் மேட்டுத் தெரு பவிசரா. "தப்பா எடுத்துக்காத. எங்க மாமியார் வாய் உனக்குத் தெரியாதா?"

ஜுனேலி தள்ளி நின்றாள். பவிசரா காதுத் தோட்டைக் கழற்றி, வீட்டிலிருந்தே கொண்டுவந்த சொம்புத் தண்ணீரில் முக்கி, ஜுனேலி கைபட்ட குழாய்மேல் தெளித்தாள். தங்கம் பட்ட தண்ணீர் தீட்டைப் போக்கிவிடுமாம். தலைவர் அந்த நேரம் பார்த்து செல்போனை நோண்டினார்.

அந்தத் தோடு பவிசராவின் கல்யாணத்துக்குச் செய்தது. ஜுனேலியின் புருஷன் அதற்குத் தங்கம் உருக்கும்போது ஊதுகுழலை வாயில் வைத்து ஊதியவள் ஜுனேலிதான். அவளுக்குக் கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. குடங்கள் நிறைவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏ ஜுனேலி," என்றாள் பவிசரா, தோட்டை மாட்டிக்கொண்டே. "இதுல கொக்கி லூசாயிருக்கு. நாளைக்குக் குடுத்தனுப்புறேன், சரிபண்ணி வை."

"அனுப்புங்க," என்றாள் ஜுனேலி.