திரைக்குப் பின்னால் இரண்டடி

நாடகக் குழுவில் அவளுக்கு டேப் அக்கா என்று பெயர். கையில் பை இருக்கிறதோ இல்லையோ, கழுத்தில் அளவு டேப் தொங்கும். மேடை நிர்வாகம் என்பது கௌரவமான பெயர். உண்மையில் நாற்காலி எங்கே, கதவு எங்கே, யாருடைய செருப்பு யார் காலில் என்று பார்த்து அலையும் வேலை. இருபத்திரண்டு வருடம் அலைந்ததில் முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. புது நாடகத்துக்குப் படம் காட்டும் திரை வேண்டும் என்று முடிவானதும், இயக்குநர் வழக்கம்போல அதையும் அவள் தலையில் கட்டினார்.

இயக்குநருக்கு ஆசையெல்லாம் பின்புறத்திலிருந்து படம் விழும் திரைமேல்தான். புரொஜெக்டர் திரைக்குப் பின்னால் இருக்கும்; நடிகர்கள் திரையை ஒட்டி நின்றாலும் அவர்கள் நிழல் படத்தில் விழாது. ஒரே நிபந்தனை, திரைக்குப் பின்னால் ஈ காக்கை நுழையக் கூடாது. நுழைந்தால் அதன் நிழல் படத்துக்கு நடுவே பூதம்போல எழுந்து நிற்கும்.

அவளுக்குச் சிக்கல் அங்கேதான். மேடையின் கறுப்புத் துணிக்கும் பின்சுவருக்கும் நடுவே இரண்டடி இடம் உண்டு. மூன்று வருடமாக ஒவ்வொரு காட்சிக்கும் அவள் அதற்குள், கையில் வசனப் பிரதியோடு, சுவரில் முதுகு உரச நின்றுகொண்டிருந்தாள். துணிக்கு முன்னால் நாற்காலி போட்டு நடிப்பவர் அவள் கணவர், குழுவின் மூத்த நடிகர். அவருக்கு வசனம் மறக்கத் தொடங்கியிருந்தது. முதல் இரண்டு சொல்லை அவள் எடுத்துக் கொடுத்தால் போதும், மீதியை அவர் பிடித்துக்கொண்டு போய்விடுவார். பக்கத் தட்டி மறைவிலிருந்தும் சொல்லலாம்தான். ஆனால் அங்கே மற்ற நடிகர்கள் காத்திருப்பார்கள், அப்புறம் விஷயம் ஊருக்கே தெரிந்துவிடும். காதில் கருவி மாட்டிக்கொள்ளச் சொன்னதற்கு மனிதர் இரண்டு நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மேடையும் இல்லையென்றால் இவர் என்ன ஆவார் என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

அதனால் இயக்குநரிடம் ஒரு பொய் சொன்னாள். பின்னால் பத்தடி புரொஜெக்டருக்கே போய்விடும், நடிகர்கள் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்துதான் நடிக்க வேண்டும் என்றாள். நல்ல லென்ஸ் போட்டால் ஆறடி போதும் என்பது அவளுக்குத் தெரியும். அவர் நம்பிவிட்டார். டேப் அக்கா அளவில் பொய் சொல்வாள் என்று யார் நினைப்பார்கள்?

மறுநாள் காலை கணவரையும் அழைத்துக்கொண்டு திரை விற்கும் கடைக்குப் போனாள். நீளமான கூடம். மாதிரித் திரைகள் துணிக்கடைப் போர்வைகள்போல வரிசையாகத் தொங்கின. அவள் குறிவைத்து வந்தது, கறுப்புத் துணி இருக்கும் இடத்தில் தொங்கவிடக்கூடிய, முன்புறத்திலிருந்து படம் விழும் ஒரு வெள்ளைத் திரை. அதில் ஊசிமுனை அளவில் ஆயிரக்கணக்கான துளைகள். பின்னால் ஸ்பீக்கர் வைத்தால் சத்தம் வெளியே வருவதற்காக. மனைவியை வைத்தாலும் வரத்தானே வேண்டும்?

கணவரைத் திரைக்கு முன்னால் பத்தடி தள்ளி நிற்கவைத்துவிட்டு அவள் பின்னால் போனாள். கடைக்காரர் கொட்டாவியை மென்றபடி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். புது நாடகத்தில் ஒரு மாதமாக ஒத்திகை பார்த்த மூன்றாம் காட்சியின் முதல் இரண்டு சொல்லை, எப்போதும் சொல்லும் அதே தணிந்த குரலில் சொன்னாள். பதில் இல்லை. மறுபடி சொன்னாள். துளை சிறிதோ என்று சந்தேகம் வந்து முழு வரியையும் சொன்னாள். கடைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. முன்பக்கம் அமைதியாகவே இருந்தது.

பிறகு செருப்புச் சத்தம் கேட்டது. அவர் திரையைச் சுற்றிக்கொண்டு பின்னால் வந்து நின்றார்.

"கேக்கலையா?" என்றாள்.

"நல்லா கேட்டுச்சும்மா. முதல்ல சொன்னதே கேட்டுச்சு," என்றார் அவர். "அது எந்த நாடகம்?"

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. துக்கம் வந்தது, கூடவே, சுமை இறக்கியதுபோல ஒரு நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதிக்காக அவளுக்கு வெட்கமாக இருந்தது. திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். பின்புறத்திலிருந்து படம் விழும் திரையையே எடுத்துக்கொள்வதாகவும், ஆறடிக்கான லென்ஸும் வேண்டுமென்றும் கடைக்காரரிடம் சொன்னாள்.

"அப்ப நீ எங்க நிப்ப?" என்றார் கணவர். அந்தத் திரைக்குப் பின்னால் ஆள் நிற்க முடியாது என்பது மட்டும் அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

"நிக்கப் போறதில்லைங்க. எனக்கும் முட்டி வலிக்குது. ரெண்டு பேரும் கீழ உக்காந்து பாக்கலாம்."

அவர் தொங்கிய திரைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார். புரிந்ததா என்று கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை. கடைசியில், முன்வரிசை வேண்டாம், கழுத்து வலிக்கும் என்றார்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆர்டர் தாளில் கையெழுத்தைப் போட்டுவிட்டு அழலாம் என்று கடைக்காரரிடம் பேனா கேட்டாள்.