சாக்குமாமாவுக்கு இட்ட இலை

கறுப்புக் கண்ணாடி என்றால் என்னோடு கடையில் நின்ற மிசியேவுக்கு ஆகவே ஆகாது. பிரெஞ்சு பேசும் இந்தக் குளிர் ஊரின் ஜான்-டலோன் சந்தையில் பனி கொட்டி, மறுநாள் அதன்மேல் வெயில் அடித்தால் ஊசி குத்தினது போலக் கண் கூசும். நாங்கள் எல்லோரும் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, படத்தில் வரும் நடிகைகள் போல வெண்டைக்காய் அடுக்குவோம். அவர் மட்டும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நீர் வடிய நிற்பார். ஒருநாள் பகிடிக்கு என்னுடையதை அவர் முகத்தில் மாட்டப் போனேன். கையைத் தட்டிவிட்டார். கண்ணாடி பறந்துபோய்த் தக்காளிப் பெட்டிக்குள் விழுந்தது. பாவம், இந்த மனிதர் எந்தக் கண்ணாடிக்காரனிடம் அடிபட்டாரோ என்று நான்தான் மன்னிப்புக் கேட்டேன்.

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். சொல்கிறபடியே எழுது என்றாலும் திருத்தித்தான் எழுதுகிறாள். போகட்டும். மிசியே என்றால் பிரெஞ்சில் ஐயா, நான் அவரை அப்படிக் கூப்பிட, அவர் என்னை மதாம், அம்மா, என்பார். ஹெயிட்டிக்காரர். நெடுங்காலம் ஒரே மரக்கறிக் கடையில் நின்றோம். என்னுடைய பிரெஞ்சு சந்தையில் பொறுக்கினது, அதை வைத்துக்கொண்டே விடிந்தால் பொழுதுபட்டால் கதைதான். ஈரப்பலாக்காய் வந்த நாளில் சண்டை. அவருக்குப் பொரிக்க வேண்டும், எனக்குப் பால்விட்டுக் கறி வைக்க வேண்டும். "உங்கட கறியைச் சாப்பிட்டால் செத்தவனும் எழும்பி ஓடுவான், மதாம்" என்பார். "உங்கட பொரியலைத் திண்டால் ஓடுறவனும் படுத்திடுவான்" என்பேன். கடைக்காரர் வந்து அதட்டும்வரை சிரிப்போம். என் மனுசன் போனபிறகு அப்படிச் சிரிக்கவைத்தவர் இவர் ஒருவர்தான்.

சாக்குமாமாவின் கதையைச் சொன்னவரும் இவர்தான். அவர்கள் ஊரில் குழப்படி செய்கிற பிள்ளைகளைச் சாக்கில் போட்டுத் தூக்கிப்போகும் ஒரு மாமாவைச் சொல்லித்தான் தாய்மார் பயங்காட்டுவார்களாம். பிறகு ஆட்சியைப் பிடித்த ஒருவருக்குத் தன் பட்டாளத்திலேயே நம்பிக்கை வரவில்லை. அது தன்னைக் கவிழ்த்துவிடும் என்று பயந்து, தனக்கென்றே ஒரு கூட்டம் சேர்த்தார். ஊர் ஊராக ஆள் எடுத்தார்கள். நீலச் சட்டை, கழுத்தில் சிவப்புத் துணி, கறுப்புக் கண்ணாடி, துவக்கு. சம்பளம் கிடையாது, ஆனால் சந்தைக்காரியின் கோழியும் கமக்காரனின் காணியும் அவர்களுக்குத்தான். சனம் சாக்குமாமா என்ற பழைய பயங்காட்டிப் பெயரையே அவர்களுக்கு வைத்துவிட்டது. "பட்டாளமே அவங்களுக்கு நடுங்கினது, மதாம். கண்ணாடி போட்டால் கண் ஆரைப் பாக்குது எண்டு தெரியாது. எல்லாரும் தன்னைத்தான் பாக்கிறான் எண்டு நினைப்பினம்." கண்ணாடிக்கு உள்ளே இருந்து பார்த்தவனுக்குத் தெரிகிற விசயம் அது. எனக்கு அப்போது உறைக்கவில்லை. பயந்தவனுக்குத்தானே இவ்வளவு விபரம் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதனால்தான் என் கதையையும் அவருக்குச் சொன்னேன். எங்கள் ஊரில் சாக்கு தோளில் இல்லை, தலையில். பட்டாளத்தின் சுற்றிவளைப்பில் ஆண்களையெல்லாம் வரிசையாக நிறுத்துவார்கள். கண்ணுக்கு இரண்டு ஓட்டை விட்ட சாக்கைத் தலையில் போட்டபடி, காட்டிக்கொடுக்கிற ஒருவன் ஜீப்பில் இருப்பான். தலையாட்டி என்போம். அவன் தலையை ஆட்டினால் ஆளை ஏற்றுவார்கள். என் மனுசன் முன்னால் வந்தபோது ஆட்டினான். அவ்வளவுதான், திரும்பி வரவில்லை. மிசியே என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த வருசத்திலிருந்து திவசத்துக்கு அவர் வராமல் இருந்ததில்லை. மனுசனுக்குப் படைத்தபின் முதல் இலையை வெளியாள் ஒருவருக்குப் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். அந்த இலை அவருக்கானது.

போன கோடையில் அவர் ஊர்க்காரக் கிழவி ஒருத்தி கடைக்கு வந்து ஈரப்பலாக்காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். மிசியே எதற்கோ பலமாகச் சிரித்தார். கிழவியின் கை அப்படியே நின்றது. நிமிர்ந்து அவரைப் பார்த்துச் சாக்குமாமாவின் பெயரை, அவர்கள் பாசையில், ஒரே தடவை சொன்னாள். நிலத்தில் துப்பிவிட்டுப் போய்விட்டாள்.

பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்து நின்றவரிடம் போனேன். "ஏன் மிசியே, அவ உங்களை அப்பிடிக் கூப்பிட்டவ?"

"சின்ன வயசு, மதாம். சேராட்டி எங்கட வீட்டுக்கு வந்திருப்பாங்கள். நான் ஒருத்தரையும் சுடேல்லை. அடிக்கவும் இல்லை. அவங்கள் தேடின ஆக்களின்ர வீட்டை மட்டும் காட்டினன்."

தலையாட்டியும் சுடவில்லை. தலையை மட்டும் ஆட்டினான். ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு வந்தவள், பிறகு அந்தக் கடைக்குப் போகவே இல்லை. இத்தனை வருசம் என் மனுசனின் சோற்றை யாருக்குப் போட்டிருக்கிறேன்! இதில் பெரிய வெட்கம் என்னவென்றால், அவருடைய பகிடிகள் ஞாபகம் வந்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

இந்த வருசத் திவசம் வந்தது. "எணை அம்மா, அது பழைய கதை. வந்தால் உள்ளுக்க விடுங்கோ" என்றாள் மகள்.

"பழசுதான் பிள்ளை. உன்ர கொப்பரும்தான் பழசு."

ஆனாலும் திவசத்தன்று வாசலுக்கு வந்தவரைப் பசியோடு அனுப்பக் கூடாது. உள்ளே இருத்த மாட்டேன், வாசலில் வைத்துக் கொடுப்பேன் என்று ஒரு சோற்றுப் பார்சல் கட்டினேன். வந்தார். முகம் வழித்து, கழுத்துப்பட்டி கட்டி, வெளிப்படியில் குளிருக்குள் நின்றார்.

"மன்னியுங்கோ, மதாம்."

"நான் ஆர் மன்னிக்க? நீங்கள் காட்டினது என்ர வீடு இல்லையே. அந்தக் கிழவியிட்டப் போனீங்களோ?"

"இல்லை."

"ஏன்?"

"போய் என்னத்தைச் சொல்ல? நான் காட்டின வீடுகளில அவ எந்த வீடு எண்டு எனக்கு ஞாபகமில்லை."

கதவைச் சாத்தினேன். இரும்புப் படிகளில் அவர் இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. பின்னால் நின்ற மகள், பார்சல் என் கையிலேயே இருப்பதைப் பார்த்தாள்.

"சாப்பாட்டையாவது குடுத்திருக்கலாமேணை."

"குடுக்கத்தான் கொண்டு போனனான்" என்றேன். "அவருக்குக் காட்டின வீடு மறந்து போச்சாம், பிள்ளை."