கைக்குள் ஓடிய சுண்டெலி

பிசியோதெரபி அறையில் உதவிக்கு இருந்த அவளை எல்லோரும் வாயில்லாப்பூச்சி என்பார்கள். ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். துண்டு மடிப்பாள், மெத்தை துடைப்பாள், வெந்நீர்ப் பை நிரப்புவாள். இங்கிலீஷ் என்றாலே குலைநடுக்கம். இடுப்பு வலிக்கு வந்துபோன கல்லூரி ஆசிரியை ஒருவர், இங்கிலீஷ் வார்த்தைகள் பிறந்த கதையைத் தமிழில் சொல்லும் சின்னப் புத்தகத்தை அவளுக்கே கொடுத்துவிட்டுப் போனார். தினம் நாலு வரி படிப்பாள். விண்டோ என்றால் ஆதியில் காற்றின் கண்ணாம். க்ளூ என்றால் நூல்கண்டாம். அட, இதுவும் நம்மைப்போல வீட்டுவேலை பார்த்த பாஷைதானா! பாதிப் பயம் தெளிந்தது.

அப்போதுதான் முழங்கை உடைந்து கட்டுப் பிரித்த பஸ் டிரைவர் வந்தார். மாதக் கடைசியில் டாக்டர் சோதிக்கும்போது கை மடங்காவிட்டால், வண்டியை மறந்துவிட்டு ஆபீஸ் நாற்காலியில் உட்கார வேண்டியதுதான். தெரபிஸ்ட் அம்மா முழங்கையை மடக்கி நீட்டி இருபது எண்ணச் சொல்வார், டிரைவர் எண்ணுவார், தாளில் ஒரு டிக் விழும். கை மட்டும் அப்படியே இருந்தது. ஏன் என்று அவள் பார்த்துவிட்டாள். வலிக்குப் பயந்து, முழங்கைக்குப் பதிலாகத் தோளைத் தூக்கி இறக்கி ஒப்பேற்றிக்கொண்டிருந்தார் மனுஷன்.

தெரபிஸ்ட் அம்மாவிடம் சொன்னால் கோள்மூட்டியது போலாகும். அவர் போன் பேச வெளியே போன நேரம் பார்த்தாள்.

"அண்ணே..."

"அட, வாயில்லாப்பூச்சி பேசுது! இன்னிக்கு மழைதான்."

"எண்ணாதீங்கண்ணே. மேல்கையைப் பாருங்க. மசில்னா குட்டி எலின்னு அர்த்தமாம். தோலுக்கடியில எலி ஓடுற மாதிரி இருக்குன்னு ரோமாபுரிக்காரங்க வச்ச பேராம். புஸ்தகத்துல போட்டிருக்கு."

"அதுக்கு?"

"உங்க எலி இன்னும் வளையை விட்டே வரல. தோளுதான் குதிக்குது."

அவர் முகம் கறுத்தது. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"கையும் களவுமா புடிச்சிட்டியேம்மா!" என்று சிரித்தார். மறு உள்ளங்கையை மேல்கையில் வைத்து, பல்லைக் கடித்து மடக்கினார். உள்ளே ஏதோ அசைந்தது. "ஓடுதும்மா!"

அன்றைக்கு நாலு முறைதான் ஓடியது. ஆனால் நாலும் நிஜம். அதன்பிறகு எலி ஓடினால்தான் கணக்கு.

டாக்டர் சோதனை முடிந்த மறுநாள் டிரைவர் மனைவியோடு காக்கிச் சட்டையில் வந்தார். மனைவி அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "இன்னிக்கு அவரே தலை வாரிக்கிட்டாரும்மா. நீ நல்லா இருக்கணும்."

"இன்னும் ரெண்டு மாசம் விடாம செய்யச் சொல்லுங்கக்கா" என்றாள்.

"பாத்தியா," என்றார் டிரைவர், "இனிமே இவ வாயை மூடமாட்டா."

அவள் சிரித்தபடி திரும்பி, மடித்து வைத்திருந்த துண்டையே எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.