முடிவை மாற்றச் சொன்னார்கள்

டெல்லியில் பியானோ வாசிக்கும் முன் விரல்களைச் சூடுபடுத்த வேண்டும் என்று சொன்னால், ஊரில் இருக்கும் நீங்கள் கதை விடுகிறாள் என்பீர்கள். ஜனவரியில் கட்டைகள் அப்படிச் சில்லிடும். நான் போகும் இசைப்பள்ளியில் பியூன் கரியடுப்பு மூட்டி வைப்பார். அதில் கை காட்டிக்கொண்டு முறைக்காகக் காத்திருப்பேன்.

திருச்சி கான்வென்ட்டில் நான் பியானோ கற்றபோது, "பொண்ணு என்ன சர்ச்சுலயா வாசிக்கப் போறா?" என்று உறவு முழுக்கக் கேலி. அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. வகுப்பு முடியும்வரை வராந்தாவில் நிற்பார், பாட்டு நடக்கும் இடம் என்று செருப்பைக் கழற்றிவிட்டு. எனக்கு வெட்கமாக இருக்கும்.

அவர் போன செய்தி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸுக்குத் தந்தியாக வந்தபோது, அங்கே எல்லாம் முடிந்திருந்தது. ரயிலில் நான் போய்ச் சேரும்வரை உடலை வைத்திருக்க முடியாது. பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டேன். மறுநாள் ஆபீஸில் வழக்கம்போல டைப் அடித்தேன். வராத அழுகை பிறகு பியானோவில் வந்தது. சொல் இல்லாத பாட்டு, நானே கட்டியது. கடைசியில் வலது கை ஒரு படி ஏறி அப்படியே நின்றுவிடும், எங்கும் போய்ச் சேராது. யாராவது கேட்டுவிட்டு, இது யாருக்காக என்று விசாரிக்க மாட்டார்களா என்று ஏங்கினேன்.

ஆசிரியை மிஸஸ் பிண்டோ கோவாக்காரர். கண்ணை மூடிக் கேட்டார். "ப்யூட்டிஃபுல்" என்றார். உடனே பென்சிலை எடுத்தார். முடிவு தொங்குகிறது, ஆரம்பித்த ஸ்வரத்துக்கே கொண்டுவா, பாட்டு வீடு திரும்ப வேண்டும் என்று ஆங்கிலத்தில் விளக்கினார். "நான் போகலையே" என்று தமிழில் சொல்லிவிட்டேன். புரியாமல் தோளில் தட்டிக் கொடுத்தார்.

நம் மனிதர்களுக்காவது புரியும் என்று தமிழ்ச் சங்கச் செயலாளர் கல்யாணராமனுக்கு வாசித்துக் காட்டினேன். பொங்கல் விழாவுக்குப் பிடித்திருந்த பள்ளி ஹாலில் ஒரு பியானோ இருந்தது. தொடையில் தாளம் போட்டுப் பார்த்தார், அகப்படவில்லை.

"பேஷா இருக்கும்மா. ஆனா பண்டிகையும் அதுவுமா இப்படி அழ வெக்கலாமா? குழந்தை குட்டியோட வரா. கடைசில ஒரு மங்களத்தை வாசிச்சு முடிச்சுடுங்கோ."

மேடையில் சுபமாக முடிப்பது எனக்கும் தெரிந்த வழக்கம்தான். அப்பாவே அப்படித்தான் சொல்லியிருப்பார்.

இசைப்பள்ளிக் கச்சேரியில் மிஸஸ் பிண்டோ சொன்ன முடிவு, பொங்கலன்று மங்களம். இரண்டு இடத்திலும் நல்ல கைத்தட்டல். யாருக்காக என்று எங்கும் யாரும் கேட்கவில்லை. அப்பாவுக்கு இன்னும் இரண்டு முறை காரியம் நடந்து, அவற்றுக்கும் நான் போய்ச் சேராததுபோல் இருந்தது.

குவார்ட்டர்ஸில் அலமாரி வைக்கவே இடமில்லை, பியானோவுக்கு எங்கே போவது? ஆபீஸ் விட்டு வரும் பஸ்ஸில், மடியில் கிடக்கும் கைப்பையின்மேல் வாசிக்கிறேன், நான் கட்டியபடியே. போன வாரம் விரல் அந்தக் கடைசி இடத்தில் நின்றது. பக்கத்தில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த பஞ்சாபி அம்மாள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"டைப்பிங் பிராக்டீஸ், பெஹன்ஜி?"

"ஹான் ஜி."

"ருக் க்யோன் கயீ?"

ஏன் நிறுத்திவிட்டாய் என்கிறாள். என் இந்தி காய்கறி வாங்கப் போதும், பஸ்ஸில் இடம் கேட்கப் போதும். இதற்குப் போதாது. கண் நிறைந்துவிட்டது.

"பிதாஜி" என்றேன்.

அவள் ஊசிகளை மடியில் போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சொல்லால் நான் அவரை ஒருநாளும் கூப்பிட்டதே இல்லை.