ரபீக்கை நான் மன்னித்த மதியம்

அந்தக் கம்ப்யூட்டரைக் கெடுத்தவன் நான். ரபீக் இல்லை.

பன்னிரண்டு வருடங்களாக இந்த இரண்டு வாக்கியங்களும் என் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கின்றன. உங்களிடம் இப்போது துப்பிவிட்டேன். முள் வெளியே வந்துவிட்டதா என்றால்... இல்லை. நீங்கள் ரபீக் இல்லையே!

எப்படிக் கெடுத்தேன் என்று கேட்டால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், எனக்கும் அதுதான் வசதி. வாழ்க்கை முழுவதும் ஆட்களைச் சிரிக்க வைத்தே தப்பித்தவன் நான். சிரித்துக்கொண்டிருப்பவர்கள் யாரையும் சந்தேகப்படுவதில்லை. இதை நான் ஏழாம் வகுப்பிலேயே கண்டுபிடித்துவிட்டேன்.

ரபீக் என் கல்லூரித் தோழன். மதுரையில் காஜிமார் தெருக்காரன். அவனுக்கு நான் மாப்ள, எனக்கும் அவன் மாப்ள. யார் யாருக்குப் பெண் கொடுத்தோம் என்று கேட்காதீர்கள், எங்கள் ஊரில் அப்படித்தான். கம்ப்யூட்டரின் உறுப்புகளைத் தனித்தனியாக வாங்கி ஒன்றாகச் சேர்ப்பதில் அவனுக்கு அப்படியொரு பித்து! அவனுடைய மச்சான் தெற்குவாசலில் செல்போன் கடை வைத்திருந்தார். ரபீக்கின் கைவேலை திருப்தியாக இருந்தால் கடையின் முன்பாதியை அவனுக்கே விட்டுத்தருவதாகச் சொல்லியிருந்தார். அந்தத் திருப்திக்கான முதல் சான்று என் கம்ப்யூட்டர். ஞாயிற்றுக்கிழமை மச்சான் நேரில் வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

அந்த நாட்களை நினைத்தால் இன்றும் உள்ளே ஏதோ இளகுகிறது...

சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்த பார்சலை எடுக்க இருவரும் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். பூ மார்க்கெட் வாசலில் வண்டியை நிறுத்தியிருந்ததால், பெட்டிகளோடு மல்லிகை வாசமும் சேர்ந்து வீட்டுக்கு வந்தது. வண்டியை அவன் ஓட்ட, பின்னால் நான் கேபினட் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிக்னலில் ஒரு பெரியவர், "தம்பி, ஃபிரிட்ஜா?" என்றார். "இல்லங்கய்யா, பொண்ணு வீட்டுச் சீர்" என்றேன். ரபீக் சிரித்த சிரிப்பில் வண்டி இரண்டு முறை அணைந்துபோனது.

கீழக்குயில்குடிக்குச் சாலை பிரியும் விலக்குக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து சேர்த்தான். தூசி பறக்கும் என்று மின்விசிறியை அணைத்துவிட்டான். அவனுக்கு உள்ளங்கை வேர்க்கும். நிமிடத்துக்கு ஒருதரம் கைக்குட்டையில் துடைப்பான். உடம்பிலிருக்கிற மின்சாரம் போகட்டும் என்று ஜன்னல் கம்பியைத் தொட்டுக்கொள்வான். பிராசசரை வைக்கும்போது மட்டும் "பிஸ்மில்லா" என்று மெதுவாகச் சொன்னான். அது சத்தமே இல்லாமல் தன் இடத்தில் இறங்கியது. அவ்வளவு மென்மையான கையை நான் பிறகு யாரிடமும் பார்த்ததில்லை.

முதல் சுவிட்சிலேயே திரை ஒளிர்ந்தது! நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக் கோழிகள் சுவரேறின. நான்கு நாட்கள் விளையாடித் தீர்த்தோம். நான் சுடுவேன், குறி தவறும். "எதிரிய விட்டுட்டு ஏன்டா மரத்தச் சுடுற?" என்பான் ரபீக். "மரம்தான் நகராம நிக்குது" என்பேன்.

ஐந்தாம் நாள் ஆயுத பூஜை.

அம்மா சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டி, "அந்தப் பொட்டிக்கும் ஒரு பொட்டு வச்சு விடுடா" என்றார். கேபினட்டின் நெற்றியில் ஒரு பொட்டு. அதோடு எழுந்திருக்க வேண்டியவன்தானே நான்? எழுந்தேனா?

என் அறிவு அங்கேதான் வேலை செய்தது. ஆயுதம் எது? தகரப் பெட்டியா? இல்லையே! உள்ளே மூளையாக இருக்கும் பிராசசர் அல்லவா! வண்டிக்குப் பொட்டு வைக்கிறவன் வண்டி உறைக்கா வைப்பான்? பிராசசரை வைத்தபோது ரபீக் அவன் சாமியைக் கூப்பிட்டான். நம் சாமியை வெளியிலேயே நிறுத்திவைத்தால் என்ன மரியாதை?

மூடியைக் கழற்றினேன். பிராசசரின் மேல் விசிறியோடு சேர்ந்த ஓர் உலோகக் கட்டி உட்கார்ந்திருந்தது. கொக்கியை நீக்கி இழுத்தேன். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன்... 'டப்' என்று கையோடு வந்தது. அதன் அடியில் ஒட்டிக்கொண்டு பிராசசரும் வந்தது.

பூட்டியிருந்த கதவைத் திறக்காமல் ஆளைப் பிடித்து வெளியே இழுத்த கதை. பிராசசரின் அடியில் நூற்றுக்கணக்கான ஊசிகள், முடி கனத்தில். ஒரு மூலையில் மட்டும் காற்றுக்குச் சாய்ந்த நெற்பயிர் மாதிரி சில படுத்திருந்தன. படைத்தவனே அப்படித்தான் படைத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேனா, அல்லது நினைக்க விரும்பினேனா? பன்னிரண்டு வருடமாக விடை தெரியவில்லை.

மேலே பிசுபிசுப்பாகச் சாம்பல் நிறத்தில் ஒரு பசை. அழுக்கு என்று துடைத்தேன். பின்புதான் ஞாபகம் வந்தது: சூட்டை இறக்குவதற்கு ரபீக் தடவிய பசை அல்லவா அது! பதறினேனா? இல்லை. கையில்தான் சந்தனம் இருக்கிறதே! மதுரை வெயிலில் நெற்றிக்கே குளிர்ச்சி தருவது பிராசசருக்குத் தராதா? தாராளமாக அப்பினேன். குங்குமமும் வைத்தேன். பிராசசரைத் திரும்ப வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். உட்கார்ந்தது. எப்படி உட்கார்ந்தது என்று கேட்காதீர்கள்.

பூஜை அன்று ஆயுதத்தைத் தொடக்கூடாது அல்லவா? மறுநாள் காலையில் சுவிட்சைப் போட்டேன். விசிறிகள் சுற்றின. விளக்குகள் எரிந்தன. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

மறுபடி மூடியைக் கழற்றினேன். காய்ந்துபோன சந்தனத்தைச் சுரண்டி, அப்பாவின் பழைய பனியனால் துடைத்தேன். மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியில் ரபீக் விட்டுப்போன பசைக் குழாய் பாதியளவு மீதமிருந்தது. அதைத் தடவி எல்லாவற்றையும் முன்போலவே மூடிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். கழுவிய கையோடு ரபீக்குக்குப் போன் செய்தேன்.

"மாப்ள, பொட்டி கண்ணத் தொறக்க மாட்டேங்குதுடா."

"ஒண்ணும் பதறாத. இந்தா வாரேன்."

வந்தான். வந்ததும் ஒரு கேள்வி கேட்டான். ஒரே ஒரு கேள்வி!

"மூடியக் கழட்டினியா மாப்ள?"

"நானா? ஸ்க்ரூ டிரைவர எந்தப் பக்கம் புடிக்கணும்னே எனக்குத் தெரியாதுடா!"

சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்போடு நான் தப்பித்தேன். அந்தச் சிரிப்போடு அவன் மாட்டிக்கொண்டான்.

பிறகு இரண்டு மணி நேரம் அவன் தேடியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வேறு பிளக்கில் மாட்டிப் பார்த்தான். ராம் என்ற நினைவகப் பட்டைகளைக் கழற்றி, அவற்றின் பொன்நிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டுத் திரையை நேராக மதர்போர்டில் சொருகினான். வட்ட பேட்டரியை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தான். மின்சாரம் சரியாக வருகிறதா என்று சோதித்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து அழிரப்பர் எடுத்துக் கொடுத்தேன். விடைத்தாளைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிறவனுக்கு விசிறிவிட்டேன்!

நடுவில் மூக்கைச் சுருக்கினான். "சந்தனம் மணக்குதே?"

"நேத்துப் பூசைடா. பொட்டி நெத்தியில பாரு."

பார்த்தான். "நல்லாத்தான் இருக்கு" என்றான்.

கடைசியில் அந்த உலோகக் கட்டிக்கு வந்தான். இழுக்கவில்லை. மெல்லத் திருகினான். திருகியபடியே எனக்குச் சொல்லிக்கொடுத்தான்:

"இதத் திருகித்தான் எடுக்கணும் மாப்ள. சும்மா இழுத்தா பிராசசரும் கூடவே பிச்சுக்கிட்டு வந்துரும். அப்புறம் அம்புட்டுத்தான்."

"அப்படியா!" என்றேன். அந்த வியப்பை இப்போது நினைத்தாலும் எனக்கே என்னை அறைய வேண்டும் போலிருக்கிறது.

பிராசசரை எடுத்துத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். பிறகு பிளேடு கேட்டான். சாய்ந்த ஊசிகளைப் பிளேடின் முனையால் ஒவ்வொன்றாக நிமிர்த்தினான். மூன்று நிமிர்ந்தன. நான்காவது முறிந்தது. அது முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது என்று சத்தியம் செய்வேன்... கேட்டிருக்கவே முடியாது, தெரியும். ஆனாலும் கேட்டது.

"மாப்ள..." என்றான். குரல் உடைந்திருந்தது. "என் கைதான்டா. வேர்வைக் கை. அன்னைக்கே லேசாச் சாய்ச்சு வச்சிருக்கேன், நாலு நாள் சூட்டுல தொடர்பு விட்டுப்போச்சு. இப்ப ஒடச்சும்புட்டேன்."

சொல்லியிருக்கலாம். இதோ, இந்த இடத்தில் சொல்லியிருக்கலாம்! நாக்கு நுனிவரை வந்தது என்றெல்லாம் அளக்க மாட்டேன். வரவே இல்லை. அதைவிட மோசமாக வேறொன்று வந்தது.

"விடுடா மாப்ள. வேணும்னேவா ஒடச்ச? நான் ஒண்ணும் மனசுல வச்சுக்க மாட்டேன்."

மன்னித்தேன்! என் குற்றத்துக்காக அவனை நான் மன்னித்தேன்! பெரிய மனதோடு, தோளில் தட்டி! அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்த அம்மா, "எம்புள்ளைக்குத் தங்கமான மனசு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வரவில்லை. வர வேண்டாம் என்று ரபீக்கே சொல்லிவிட்டான். "எனக்குக் கை வரல மச்சான்" என்றானாம். அந்தக் கடையில் அவன் இன்றும் இருக்கிறான், செல்போன் உறை விற்றுக்கொண்டு. திரையில் கண்ணாடி ஒட்ட யாராவது கேட்டால்கூடப் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிடுவான். "அண்ணே, இத ஒட்டிக் குடுங்கண்ணே. நம்ம கை ராசியில்லாத கை."

எனக்குப் புதுப் பிராசசர் வந்தபோது அதைத் தொட அவன் மறுத்துவிட்டான். நானே கற்றுக்கொண்டேன். பிறகு சொந்தக்காரர்களுக்குச் செய்துகொடுத்தேன், அலுவலகத்தாருக்குச் செய்துகொடுத்தேன். எங்கள் வட்டாரத்தின் கம்ப்யூட்டர் வைத்தியன் இன்று நான்தான். அவன் உட்கார வேண்டிய நாற்காலியில் எவ்வளவு சொகுசாக உட்கார்ந்திருக்கிறேன், பார்த்தீர்களா?

போன மாதம் ரபீக் கூப்பிட்டான். மகள் நஸ்ரினுக்குப் பத்து வயது. கம்ப்யூட்டர் கேட்கிறாளாம், சாமான்கள் எல்லாம் வந்துவிட்டன, நான் வந்து சேர்த்துக் கொடுக்க வேண்டுமாம்.

போனேன். எல்லாவற்றையும் பரப்பினேன். பிராசசர் பெட்டியைத் திறந்து அவன் பக்கம் தள்ளி, "இத நீ வையி மாப்ள. நான் பக்கத்துல இருக்கேன்ல" என்றேன்.

அவன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"நீங்களே வைங்கத்தா" என்று நஸ்ரின் அப்பாவிடம் கெஞ்சினாள்.

"வேணாம்டா தங்கம். அத்தா ஒடச்சுருவேன். மாமாவோடத ஒடச்சவந்தானே நான்? மாமாவா இருக்கப்போயி ஒரு வார்த்த சொல்லல. வேற ஆளா இருந்தா நடந்திருக்கிறதே வேற!"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பத்து வயதுக் கண்கள்... நான் வாயைத் திறந்தேன்.

"ஒங்கத்தாவ நல்லாத் திட்டணும்னுதான் இருந்தேன். அன்னைக்கு உங்க வீட்டுல இருந்து பிரியாணி வந்துருச்சு. வாய் நெறஞ்சுபோச்சு!"

அவள் குலுங்கிச் சிரித்தாள். நான் பிராசசரை எடுத்து வைத்தேன். திரை ஒளிர்ந்தது. "பாத்தியா, அதான் கை!" என்று ரபீக் கைதட்டினான்.

கிளம்பும்போது நஸ்ரின் நோட்டோடு வாசலுக்கு வந்தாள். நேர்மையான மனிதர் ஒருவரைப் பற்றி எழுதிவரும்படி பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறார்களாம்.

"ஒங்களப் பத்தி எழுதட்டா மாமா?"

ரபீக் அவள் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எழுதும்மா. ஆனா ரெண்டு பக்கத்துக்கு மேல போகாத, மாமாகிட்ட அம்புட்டு நேர்மை கெடையாது" என்றேன்.

சிரித்தார்கள். ரபீக்தான் அதிகமாகச் சிரித்தான்.